பூவரசங்கட்டைக்கு உப்பு

எங்கள் வளவுக்கும் பெரியம்மா வளவுக்கும் நடுவில் முன்பு தென்னோலைக் கிடுகு வேலி இருந்தது. அவர் எனக்குச் சொந்தப் பெரியம்மா இல்லை. ஓலைத்தொடுவாயில் எங்கள் ஒழுங்கை முழுவதும் அவரை அப்படித்தான் கூப்பிடும். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த வருடம் அப்பா அந்த வேலிக்குப் பச்சைப் பூவரசந்தடிகளைக் கதியாலாக ஊன்றினார். அவற்றில் ஏழு வேர்விட்டு மரமாகிவிட்டன. நான் படித்து முடித்து விஞ்ஞான ஆசிரியையாகி, கல்வீடு கட்டுவதென்று முடிவானபோது, அத்திவாரம் வரவேண்டிய இடம் சரியாக அந்த மரங்களின் மேல் விழுந்தது. மரம் வெட்டுகிறவர்கள் வந்து வெட்டி, தடிகளை ஏற்றிக்கொண்டு, முழங்கால் உயரத்தில் ஏழு அடிக்கட்டைகளை விட்டுவிட்டுப் போனார்கள். ஒரு மாதம் ஆகவில்லை, எல்லாக் கட்டையிலும் தளிர் வந்துவிட்டது.

ஜேசிபி எங்கள் குறுகிய ஒழுங்கைக்குள் வராது. கையால்தான் தோண்டவேண்டும். அம்மா பாப்பாமோட்டையில் ஒருவருக்குச் சொல்லி அனுப்பினார். வயல் செய்கிறவர், வயல் வேலை இல்லாத மாதங்களில் கட்டை தோண்டுவார். அம்மாவிடம் கருவாடு வாங்கிப் பழக்கம். அவர் வந்து ஏழு கட்டைகளையும் சுற்றி நடந்துவிட்டு, ஒன்றின் மேல் ஏறி இருந்து வெற்றிலை போட்டார்.

"ஒரு கிழமை செல்லும் பிள்ளை. பூவரசு பக்கம் பக்கமா வேர் விட்டிருக்கும். சுத்திக் கிடங்கு வெட்டி, வேரைத் தறிச்சு, அலவாங்கு குடுத்துக் கிளப்போணும்."

"எப்ப தொடங்குவியள்?"

"இனி விதைப்பெல்லோ. வயலை விட்டிட்டு வரேலாது. நெல் அருவி வெட்டு முடியட்டும், மாசியிலை வாறன்."

அது புரட்டாதி மாதம். நானோ மார்கழி விடுமுறையில் அத்திவாரம் போடுவதென்று பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். கூடப் படிப்பிக்கிறவர்கள் கல் வைக்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பங்குச் சுவாமியிடமும் ஆசீர்வாதத்துக்குக் கேட்டாயிற்று.

"தேவையில்லை ஐயா. இதுக்கு வேறை வழி இருக்கு," என்றேன்.

"என்ன வழி?"

"நான் படிச்சனான் ஐயா."

அப்படித்தான் சொன்னேன். என்ன வழி என்று கேட்ட மனிதருக்கு என் படிப்பைப் பதிலாகச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "அப்ப சரி. படிச்ச பிள்ளை சொன்னால் கட்டையும் கேக்கும்," என்று சிரித்துக்கொண்டு அலவாங்குக் கம்பியை மோட்டார் சைக்கிளில் கட்டினார்.

உண்மையில் அது நான் படித்ததும் இல்லை. முந்தைய நாள் கைபேசியில் பார்த்த மூன்று நிமிட வீடியோ. எங்கோ ஒரு குளிர்நாட்டுத் தோட்டத்தில் ஒருவர் கட்டையில் துளை போட்டு, உப்பை நிரப்பி, மூடி வைத்து, பிறகு அது உக்கிப்போய்க் கிடப்பதைக் காட்டினார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் முடித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குத் தன் பெயரை எழுத வரும், அவ்வளவுதான். அம்மாவுக்கு அதுவும் வராது. அந்தப் பெருமை எனக்கு இப்போதும் இருக்கிறது; அதை மறைத்து எழுதினால் இதில் மிச்சமும் பொய்யாகிவிடும். ஆனால் அந்தக் காலத்தில், எனக்குத் தெரிந்தது எது, நான் தெரிந்ததுபோல் காட்டுவது எது என்று நானே பிரித்துப் பார்ப்பதில்லை. கேட்கிறவர்களும் பிரித்துப் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டில் உப்புக்குப் பஞ்சமில்லை. அம்மா கருவாடு போடுகிறவர். கொட்டிலில் ஆறு மூட்டை கல்லுப்பு இருந்தது. ஒழுங்கையில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. மீனுக்கு உப்புப் போடும் தொட்டியை எவரும் கிணற்றுப் பக்கம் வைக்கமாட்டார்கள். தொட்டி எப்போதும் வளவின் கடல் பக்கம்தான். அதில் ஊறுகிற தண்ணீரை வாளியில் அள்ளிக் கடற்கரைவரை நடந்துபோய்த்தான் ஊற்றுவார்கள். சின்ன வயதில் நானும் அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு மூக்கைப் பொத்தியபடி போயிருக்கிறேன். நாற்றத்துக்காகத்தான் இந்த நடை என்று நினைத்திருந்தேன். எவரும் காரணம் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை.

அப்பா அப்போது கிழக்குக் கரையில் வாடி போட்டுத் தங்கி மீன் பிடிக்கப் போயிருந்தார். அம்மா தன் தங்கையின் மகளுடைய பிள்ளைப்பேற்றுக்கென்று இரண்டு கிழமை தீவைவிட்டுப் பெருநிலப் பக்கம் போய்விட்டார். நான் வீடு கட்டவிருந்த மேசனிடம் ட்ரில் மெசினை இரவல் வாங்கி, ஒரு சனிக்கிழமை முழுவதும் கட்டைகளில் துளை போட்டேன். துளைகளுக்கு ஒரு மூட்டை உப்புக்கூடச் செல்லவில்லை. அதோடு நிற்காமல், ஒவ்வொரு கட்டையைச் சுற்றியும் கிடங்கு வெட்டி, மிச்ச ஐந்து மூட்டையையும் வேரோடு வேராகக் கொட்டி, மணலால் மூடினேன். துளைகளைப் பொலித்தீனால் கட்டினேன். கை எரிந்தது. மனதுக்குள், ஒரு கிழமை வேலையை ஒரு நாளில் முடித்தேன் என்ற சந்தோசம்.

கடைசிக் கட்டையிலிருந்து பெரியம்மாவின் கிணறு பதினைந்து அடி.

அது ஆழமான கிணறு இல்லை. மணலுக்குள் இறங்குகிற மழைத்தண்ணீர் தங்குகிற கிணறு. இரண்டு ஆள் ஆழம் வராது. எங்கள் ஒழுங்கையில் மற்றக் கிணறுகள் குளிக்கவும் தோய்க்கவும்தான். குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வந்தாலும், தேத்தண்ணிக்கும் சோற்றுக்கும் எல்லோரும் பெரியம்மாவின் படலையைத் திறந்துகொண்டுதான் போவார்கள்.

ஐப்பசியில் மழை தொடங்கியது. அம்மா திரும்பி வந்து கொட்டிலைத் திறந்து, "உப்பு எங்கை?" என்றார்.

"கூரை ஒழுகிக் கரைஞ்சு போச்சம்மா."

அம்மா அண்ணாந்து கூரையைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

மழை பெய்து ஒரு கிழமையில் கிணறு உவர்த்தது. காலையில் தேத்தண்ணியை ஒரு வாய் வைத்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். பின்னேரம் வரும்போது கிணற்றடியில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

"என்ன பெரியம்மா, சீனிப் போத்தலை மாத்தி உப்புப் போத்தலைக் கொட்டிப்போட்டியளோ?" என்றாள் ஒரு அக்கா.

"எனக்கெங்கையடி சீனி? சலரோகம் வந்து எட்டு வருசம்," என்றார் பெரியம்மா. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "மழை பெய்தால் கிணறு இனிக்கும். இப்பிடி நான் காணேல்லை."

"மோட்டர்தான். வேறை என்ன?" என்று யாரோ சொன்னார்கள்.

பெரியம்மாவின் வளவுக்கு அடுத்த வளவில் ஒரு அண்ணா இருந்தார். படகு இயந்திரத்தில் கை அகப்பட்டு வலது கையில் மூன்று விரல் போனபிறகு அவர் கடலுக்குப் போவதில்லை. அந்த வருடம்தான் தன் கிணற்றில் சின்னதாக ஒரு மோட்டர் பூட்டி, கத்தரியும் மிளகாயும் நட்டிருந்தார். மணலில் எரு கொட்டி, ஓலையால் நிழல் போட்டுக் கன்றுகளைப் பிள்ளைபோல் பார்த்தார். அந்தத் தோட்டம் வந்தால்தான் அவர் வீட்டில் அடுப்பெரியும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அவரும் அங்கே நின்றார். "மழை தொடங்கினதிலை இருந்து நான் மோட்டரைத் தொடவே இல்லை. மழைக்கை நனைஞ்சுகொண்டு ஆர் கண்டுக்குத் தண்ணி இறைப்பான்?" என்றார்.

"டீச்சரைக் கேளுங்கோவன். சயன்ஸ் டீச்சரெல்லோ," என்றாள் அந்த அக்கா.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்கலாம். ஒரு வசனம் போதும். ஆனால் அத்தனை பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும், பயத்தோடு அதுவும் கலந்திருந்தது என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

நான் ஒரு தடியை எடுத்து ஈர மணலில் படம் கீறினேன். இது தீவு. அடியில் கடல்நீர். அதன் மேல் மழைநீர் எண்ணெய்போல மிதக்கிறது. மேலேயிருந்து மோட்டரால் உறிஞ்ச உறிஞ்ச, அடியிலிருக்கிற உவர்நீர் எழும்பி வரும். கோடுகள் நேராக வந்தன. வகுப்பில்கூட அவ்வளவு நன்றாக நான் கீறியதில்லை. அதில் ஒரு சொல்லும் பிழையில்லை.

அண்ணா குனிந்து படத்தைப் பார்த்தார். "அப்ப ஏன் தங்கச்சி ஆவணியிலை உவர்க்கேல்லை? நான் ஆவணி முழுக்க இறைச்சனான்."

"அது பிந்தித்தான் தெரியும் அண்ணா."

அந்த ஒன்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்த இடத்திலேயே செய்தது.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். "நீர் சொன்னால் சரியாத்தான் இருக்கும்," என்றார். பிறகு பெரியம்மாவிடம் திரும்பி, "எனக்குத் தெரியாமல் செய்திட்டன் பெரியம்மா. குறை நினைக்காதையுங்கோ," என்றார். அன்றே மோட்டரைக் கழற்றிவிட்டார்.

அவர் என்னோடு சண்டை பிடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் நம்பினார்.

மழை இருந்தவரை தோட்டம் நின்றது. மார்கழியில் என் அத்திவாரம் நடக்கவில்லை, ஏனென்றால் கட்டைகள் சாகவில்லை. பொலித்தீனைத் தள்ளிக்கொண்டு புதுத் தளிர் வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: எங்கள் கரையில் அலை வந்து அடிமரத்தை நனைத்துவிட்டுப் போகிற மரமே பூவரசுதான். அதில்தான் அப்பா வள்ளத்தைக் கயிறு போட்டுக் கட்டுவார். உப்பில் வளர்கிற மரத்துக்கு உப்புப் போட்டிருக்கிறேன். பிறந்ததிலிருந்து பார்த்த மரத்தை விட்டுவிட்டு, பார்க்காத ஊர் மரத்தை நம்பியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களுக்கு, மழையால் பிந்துகிறது என்றேன்.

தையில் வெயில் ஏறியது. அண்ணா வாளியால் இறைத்து ஊற்றத் தொடங்கினார். இரண்டு விரலால் கயிற்றைப் பிடித்து இழுப்பது எப்படி என்று நான் எங்கள் வளவிலிருந்து பார்த்தேன். நீளப் பாத்திகளில் கால்வாசிக்குக்கூடத் தண்ணீர் போய்ச் சேராது. பூத்துக்கொண்டிருந்த கத்தரி முதலில் இலை சுருண்டது. பிறகு பூ கொட்டியது. ஒழுங்கையில் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு றோட்டுக் குழாய்க்குப் போகும்போது, அவர் வேலியருகே குரலைக் கூட்டிக் கதைத்தார்கள். "ஒருத்தர் கத்தரிக்காய் தின்ன நாங்கள் உப்புத்தண்ணி குடிக்கிறம்." அவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நான் ஒவ்வொரு நாளும் அடுத்த மழையில் கழுவுப்பட்டுவிடும் என்று எனக்குச் சொல்லிக்கொண்டேன். பிறகு மழையே வரவில்லை.

மாசியில் அம்மா என்னைக் கேட்காமலே பாப்பாமோட்டைக்காரரைக் கூப்பிட்டார். அவர் அலவாங்கு, கோடாலி, கயிற்றோடு வந்தார். "என்ன பிள்ளை, கட்டை படிப்புக்கு மடங்கேல்லையோ?" என்றார். முதல் கட்டையைச் சுற்றித் தோண்டி வேர் தறித்த பிறகு, கயிறு கட்டி இழுக்க ஆள் போதவில்லை; அப்பா கடலுக்குப் போயிருந்தார். அம்மா பெரியம்மா வளவுக்கு மேலால் குரல் கொடுத்து அண்ணாவைக் கூப்பிட்டார். அவர் உடனே வந்தார். கயிற்றை இடது தோளில் சுற்றிக்கொண்டு நின்றார்.

கட்டை பாதி சரிந்தபோது துளைகள் மேலே வந்தன. உள்ளே வெள்ளையாக இறுகியிருந்தது. பாப்பாமோட்டைக்காரர் விரலால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஆர் பிள்ளை கட்டைக்கு உப்புப் போட்டது? பூவரசிலையும் கருவாடு போடுறியளோ? எனக்கும் ரெண்டு துண்டு கட்டித் தாங்கோ!"

வேறு எவரும் சிரிக்கவில்லை. அண்ணா குனிந்து கிடங்கைப் பார்த்தார். வெட்டிய மண்ணில் ஒரு கட்டியை எடுத்து உடைத்துப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, வேலிக்கு அங்காலே இருந்த பெரியம்மாவின் கிணற்றைப் பார்த்தார். அதன் பிறகு என்னைப் பார்த்தார்.

அம்மா மெல்லக் கேட்டார்: "ஒழுக்கிலை கரைஞ்ச உப்போ இது?"

அண்ணா கயிற்றைத் திரும்பவும் தோளில் போட்டார். "இழுப்பம் ஐயா," என்றார். இழுத்தார்கள். கட்டை கிளம்பி வந்தது. அன்று பின்னேரம் வரை நின்று, மூன்று கட்டைகளை எடுக்க உதவிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு போனார். அம்மா ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியை அவர் குடிக்கவில்லை.

அவர் ஒழுங்கையில் எல்லோருக்கும் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லிவிட்டால் நல்லது என்றுகூட நினைத்தேன். திட்டு வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்து நிற்கலாம், நானாகச் சொல்லத் தேவையில்லை. ஒரு கிழமை போயிற்று. அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. அம்மா என்னோடு கதைக்கவில்லை. சோற்றைப் போட்டு மேசையில் வைப்பார், அவ்வளவுதான்.

ஞாயிறு பூசை முடிந்து பெண்கள் பெரியம்மாவின் முற்றத்தில் கூடியிருந்தபோது போனேன். பூசைக்குக் கட்டின வெள்ளைச் சேலையோடு நின்றபடியே சொன்னேன். "கிணறு உவர்த்தது அண்ணாவின்ரை மோட்டராலை இல்லை. நான் கட்டைகளுக்கு உப்புப் போட்டனான். அண்டைக்கு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் அவரைச் சொன்னனான்."

அந்த அக்கா மற்றவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். "டீச்சருக்கு இளகின மனம். அந்தாளின்ரை தோட்டம் காயுறதைப் பாத்துப் பாவப்பட்டுச் சொல்லுறா."

"இல்லையக்கா, உண்மையா..."

"விடுங்கோ டீச்சர். படிச்ச நீங்கள் கிணத்தடியிலை உப்புக் கொட்டுவியளே? எங்கடை சின்னப்பிள்ளையளுக்கே தெரியும்."

அவள் அதை என்மேலுள்ள மரியாதையில் சொன்னாள். நான் அங்கே நின்று எரிந்தேன். சின்னப்பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த ஒன்று எனக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை என்று அவர்கள் முடிவுகட்டியிருந்தார்கள். நான் எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. அண்ணாவுக்காகப் பொய் சொல்கிற நல்ல பிள்ளையாகி, முன்னைவிட உயர்ந்து நின்றேன்.

அப்போது படலையடியில் அம்மாவின் குரல் கேட்டது.

"என்ரை உப்பு. ஆறு மூட்டை. என்ரை பிள்ளைதான் கொட்டினது. கிளப்பின கட்டை வளவிலை கிடக்கு, வந்து நக்கிப் பாருங்கோ."

அம்மாவை எவரும் சந்தேகிக்கவில்லை. உப்பைப் பற்றி அம்மா சொன்னால் சொன்னதுதான்.

பெரியம்மா கதிரையில் இருந்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆறு மூட்டையோ? ஒரு படகு பாறை மீனைக் காயப்போடலாமேயடி!" என்றார். பிறகு குரல் மாறியது. "நாலு மாசம் அந்தப் பொடியனைக் கண்டால் முகத்தைத் திருப்பினனான். உனக்குப் பாத்துக்கொண்டிருக்க எப்பிடி மனம் வந்தது?"

கிணற்றை ஒட்ட இறைத்து இறைத்து விட்டால்தான் உப்புக் குறையும் என்று அவர்களே பேசி முடிவெடுத்தார்கள். வாளியால் முடிகிற வேலையில்லை. ஒழுங்கையில் ஒரு மோட்டர்தான் இருந்தது. "நீதான் போய்க் கேக்கோணும்," என்றார் பெரியம்மா.

நான் போனபோது அண்ணா காய்ந்த கத்தரிச் செடிகளைப் பிடுங்கிக் குவித்துக்கொண்டிருந்தார். சொன்னதை எல்லாம் திரும்பவும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் பிடுங்குவதை நிறுத்தவில்லை.

"நீங்கள் அண்டைக்குக் கீறின படத்தை நான் வீட்டை வந்து மனுசிக்கும் கீறிக் காட்டினனான்," என்றார். "எங்கடை பிழைதான் எண்டு சொன்னனான்." கையிலிருந்த செடியைக் குவியலில் போட்டுவிட்டு, "மோட்டர் கொட்டிலுக்குள்ளை கிடக்கு. ஒரு பக்கம் பிடியுங்கோ. எனக்கு ஒரு கைதான் சரி," என்றார்.

இருவரும் தூக்கிக்கொண்டு போனோம். மூன்று நாள் இறைத்தோம். தண்ணீரைக் குழாயால் கடற்கரைக்கு விட்டோம். மிச்ச நான்கு கட்டைகளும் அந்தக் கிழமையே கிளம்பின. உப்பு ஊறிய மண்ணை நானும் அம்மாவும் அள்ளிக் கரையில் கொண்டுபோய்க் கொட்டினோம். கிணறு கொஞ்சம் தெளிந்தது. அடுத்த மாரிக்குப் பிறகு பழைய ருசிக்கு வந்துவிட்டது. என் வீடும் எழும்பியது.

அண்ணா அந்த மாரியில் திரும்பவும் கத்தரி நட்டார். முன்பு நட்டதில் பாதிகூட இல்லை. தையில் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, அவர் வாளியால் இறைத்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். வேலியருகே ஸ்கூட்டியை நிறுத்தினேன்.

"மோட்டரைப் போடலாம்தானே அண்ணா? இப்ப எல்லாருக்கும் உண்மை தெரியும்."

"தெரியும்," என்றார். "ஆனால் மோட்டர்ச் சத்தம் கேட்டால் நாலு பேர் பெரியம்மான்ரை கிணத்தடிக்கு வந்து தண்ணியை வாயிலை வைச்சுப் பாக்கினம். ஒருத்தரும் ஒண்டும் சொல்லுறேல்லை. பாத்திட்டுப் போகினம்." கயிற்றை இரண்டு விரலுக்குள் கொடுத்து இழுத்தார். "நீங்கள் கீறினது நல்ல படம் டீச்சர். எல்லாருக்கும் விளங்கிட்டுது."

வாளி மேலே வந்தது. அதைப் பாத்தியில் ஊற்றிவிட்டுத் திரும்பவும் கிணற்றுக்குள் விட்டார்.